முகில்களுக்குத் தெற்கே யுன்னான்

கல்வியைத் தேடிச் சீன தேசம் வரையிலேனும் செல்ல வேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானதென்றே கணித்துள்ளனர். ஆதலின் அதனைப் பெருமானார் (ஸல்) அவர்களின் திருவாக்கென்று உறுதிபடக் கூறுதல் முறையன்று. அதனைச் சொல்பவர்கள் சீனத்தைத் தொலைவின் எல்லையாகக் கருதியே சொல்கின்றனர். அப்படியாயின், அந்த எல்லையிலேயே பிறந்து வாழ்ந்த முஸ்லிம்கள் மார்க்கக் கல்வியைத் தேடி எங்கே போனார்கள்? நாம் போகும் திசைக்கு எதிர்த்திசையில், மலைகளையும் ஆறுகளையும் கடந்து, மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள். அவ்வாறு வந்தவர்களுள் தலையாயோர் சிலரைத் தந்தது சீனத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள யுன்னான் மாகாணம். அந்த நாட்டையும் மக்களையும் பற்றி இவ்வாரம் சிறிது காண்போம்.

யுன்னான் என்னும் சீனச் சொல்லுக்கு ‘முகில்களுக்குத் தெற்கே’ என்பது பொருள். மேற்கே பர்மா, தெற்கே லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகள் எல்லைகளாக அமைந்துள்ளன. பரப்பு ஏறத்தாழ 3,94,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு. 2020 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 4 கோடியே 72 லட்சம். இத்துணைப் பெரிய நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. மலைகளுக்கிடையே தட்டுப் போல் அமைந்த சமவெளிகளிலேயே ஊர்களும் வயல்களும் உள்ளன. வடமேற்கே காவாகர்போ சிகரம் 6,740 மீட்டர் உயர்ந்து பனி மூடி நிற்கிறது. தென்கிழக்கே வியட்நாம் எல்லையிலுள்ள ஹெகோவில் நிலம் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து விடுகிறது. ஒரே மாகாணத்திற்குள் பனிமலையும் வாழைத் தோட்டமும் இருப்பது இதனால்தான்.

யாங்சி, மீகாங், சல்வீன் என்னும் மூன்று பேராறுகள் இம்மாகாணத்தின் வடமேற்கில் ஒன்றையொன்று நெருங்கி, ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் வழியே இணையாக ஓடுகின்றன. பிறகு அவை பிரிந்து, ஒன்று ஷாங்காய் அருகிலும், ஒன்று வியட்நாமிலும், ஒன்று பர்மாவிலும் கடல் சேர்கின்றன. அவை இணைந்தோடும் பகுதியை 2003 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றது. காண்பதற்கு அழகுதான். ஆனால் கிழக்கிலிருந்து மேற்கே ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் சல்வீனையும் மீகாங்கையும் அவற்றின் இருபுறத்து மலைகளையும் ஏறி இறங்கியாக வேண்டும் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

தலைநகர் குன்மிங், தியான்சி ஏரியின் கரையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடுங்குளிரோ கடும் வெயிலோ இல்லாமையால் அதனை வசந்த நகரம் என்பர். அங்குள்ள தௌனான் மலர்ச் சந்தையிலிருந்து சீனத்தின் எல்லா நகரங்களுக்கும் பூக்கள் செல்கின்றன. தெற்கே ஷிஷுவாங்பன்னாவில் ரப்பர்த் தோட்டங்களும், காட்டு யானைகள் உலவும் வனங்களும் உள்ளன. அந்த யானைகளுள் ஒரு கூட்டம் 2021 ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நடந்து குன்மிங் நகரின் எல்லைக்குள்ளேயே வந்து சேர்ந்ததை உலகமே வேடிக்கை பார்த்தது. பூஅர் மலைகளில் மிகப் பழைய தேயிலை மரங்கள் நிற்கின்றன. ஜிங்மாய் மலையின் தேயிலைக் காடுகள் 2023 இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. சீனத்தில் விளையும் காப்பியில் மிகப் பெரும் பகுதி இங்கு விளைவதே. கெஜியுவில் வெள்ளீயமும் தொங்சுவானில் செம்பும் தோண்டியெடுக்கப்பட்டன. ஆறுகளை மறித்துப் பெரும் நீர்மின் நிலையங்கள் எழுந்துள்ளன. சீனத்தின் புகையிலையில் முதலிடமும் இம்மாகாணத்திற்கே உரியது. அரசின் வருவாயில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதை எண்ணி மகிழ்வதற்கு நமக்கு ஒன்றுமில்லை.

அரசாங்கக் கணக்கில் இங்கு நிலையாக வாழும் சிறுபான்மை இனத்தவர் மட்டும் 25 வகையினர். யீ, பாய், ஹானி, தாய், நாஷி, மியாவ் என ஒவ்வொருவருக்கும் தனி மொழியும் தனி உடையும் உண்டு. ஹானி மக்கள் செங்குத்தான மலைச்சரிவுகளைப் படிபடியாக வெட்டி நெல் விளைவிக்கும் காட்சி கல்மனத்தையும் கரைக்கும். இவர்களோடு ஹுய் என்றழைக்கப்படும் சீன முஸ்லிம்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர் உள்ளனர். பெரும்பாலோர் பேசுவது சீன மொழி. ஆனால் மெங்ஹாய் வட்டாரத்தில் தாய் மொழி பேசி, தாய் மக்களைப் போல் மரக்கால்கள் மீது கட்டிய வீடுகளில் வாழும் முஸ்லிம்களும் உண்டு. தாலிப் பகுதியில் பாய் மொழி பேசும் முஸ்லிம்களும் உண்டு. பன்றி இறைச்சிக்குப் பெயர் பெற்ற அம்மாகாணத்தில் இவர்கள் மாட்டிறைச்சியை உப்பிட்டு உலர்த்தி விற்கின்றனர். நம் வீடுகளில் போடும் உப்புக்கண்டமேதான். அது இப்போது எல்லா இனத்தவரும் விரும்பியுண்ணும் யுன்னான் பண்டமாகி விட்டது.

முஸ்லிம்கள் அங்கு எங்ஙனம் வந்தனர்? 1253 இல் குப்ளாய் கானின் மங்கோலியப் படை தாலி அரசை வென்றது. அப்படையோடு நடு ஆசியாவிலிருந்து முஸ்லிம் வீரர்களும் கைவினைஞரும் வந்தனர். 1274 இல் குப்ளாய் கான் அம்மாகாணத்தின் ஆளுநராக ஒருவரை அனுப்பினார். அவர் புகாராவைச் சேர்ந்த ஸைய்யிது அஜல் ஷம்சுத்தீன் உமர் (ரஹ்) அவர்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வழித்தோன்றல் எனப் போற்றப்பட்டவர். அவர்கள் ஆண்டது 1279 இல் மறையும் வரை ஐந்தே ஆண்டுகள்தாம். எனினும் யுன்னானின் வரலாற்றை எழுதுவோர், எம்மதத்தினராயினும், அவர்களை விட்டுவிட்டு எழுத முடிவதில்லை.

முதலில் அவர்கள் கை வைத்தது நீரின் மீது. தியான்சி ஏரி பெருகி நகரையும் வயல்களையும் அடிக்கடி மூழ்கடித்து வந்தது. ஏரியின் வடிகாலைத் தூர் வாரி ஆழப்படுத்தினார்கள். ஏரிக்கு வரும் பான்லொங் ஆற்றில் சொங்ஹுவா அணையைக் கட்டி வாய்க்கால்கள் வெட்டினார்கள். நீர் வடிந்த இடமெல்லாம் விளைநிலமாயிற்று. அணை பலமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது. அதனருகே அவர்களின் அடக்கத்தலமும் இருக்கிறது. அவர்கள் சீர்செய்த ஏரி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைக் கழிவாலும் நகரக் கழிவாலும் பச்சைப் பாசி படர்ந்து நாறிப்போயிற்று என்பதையும், அதனைத் தூய்மை செய்யப் பெரும் பொருள் செலவிடப்பட்டு வருகிறது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

வேறொரு செய்தியும் குறிக்கத்தக்கது. அக்காலத்தில் யுன்னான் மக்கள் கொடுக்கல் வாங்கலில் சோழிகளைப் பணமாக வழங்கி வந்தனர். கடலையே காணாத மலைநாட்டில் மாலத்தீவின் சோழி! அது வங்காளம், பர்மா, சயாம் வழியாக அங்கு சென்று சேர்ந்தது. குப்ளாய் கானின் அரசோ தாள் பணத்தை எங்கும் புகுத்த முனைந்தது. இம்மக்களுக்குத் தாள் பணம் பழக்கமில்லை, சோழியே நீடிக்க இசைவு தர வேண்டும் என்று ஆளுநர் அரசருக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றார். பள்ளிவாசல்களைக் கட்டிய அவரே கன்பூஷியஸின் கோயிலையும் பாடசாலையையும் கட்டுவித்தார். ஆளப்படுவோரின் வழக்கம் அறிந்து ஆள்வதென்பது அவருக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது.

அவருடைய மைந்தர் நாஸிருத்தீன் அவர்களும் யுன்னானில் பதவி வகித்தார். இன்று யுன்னான் முஸ்லிம்களிடையே நா, சு, லா, திங் என்னும் குடும்பப் பெயர்கள் பரவலாக உள்ளன. நாஸிருத்தீன் என்ற பெயரைச் சீன ஒலியில் நான்காகப் பிரித்தால் வருபவையே இவை என்பது அவர்களது வழிவழிச் செய்தி. முஹம்மது என்னும் திருப்பெயரின் முதலொலியே ‘மா’ என்ற குடும்பப் பெயராயிற்று என்பர். அரபுப் பெயரைச் சொல்லக்கூட அஞ்ச வேண்டிய காலங்களிலும் இந்த ஓரசைப் பெயர்களை யாரும் பறிக்க முடியவில்லை.

அந்த ‘மா’ குடும்பங்களுள் ஒன்றில், தியான்சி ஏரியின் தென்கரையிலுள்ள குன்யாங்கில், 1371 இல் பிறந்தவரே உலகப் புகழ் பெற்ற கடற்படைத் தலைவர் செங் ஹோ. அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்றே அழைக்கப்பட்டனர். மிங் அரசின் படை யுன்னானைக் கைப்பற்றிய 1382 ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். சிறுவர் சிறைப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, அரண்மனை ஊழியராக்கப்பட்டார். அச்சிறுவரே 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பற்படைகளை நடத்தி, கள்ளிக்கோட்டையையும் ஹுர்முஸையும் ஆப்பிரிக்கக் கரையையும் கண்டார். அவர் நிறுவிய, 1409 ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டொன்று 1911 இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் பொறிக்கப்பட்டது அது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. யுன்னான் மைந்தர் ஒருவரின் கட்டளையால் நம் மொழி கல்லில் ஏறியிருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யுன்னானின் முஸ்லிம்களுள் பலர் கோவேறு கழுதைகளின் மீது சரக்கேற்றிச் செல்லும் வணிகர்களாக வாழ்ந்தனர். தேயிலையையும் செம்பையும் பர்மாவுக்குக் கொண்டு சென்று பருத்தியோடு திரும்புவர். பர்மியர் அவர்களைப் பந்தே என்றழைத்தனர். வணிகர் சென்ற பாதையிலேயே மாணவரும் ஹாஜிகளும் சென்றனர். 1841 இல் அவ்வாறு ஒரு வணிகக் கூட்டத்தோடு புறப்பட்டவர் மா தேசின் அவர்கள். அரபியில் யூசுஃப் ரூஹுத்தீன். அப்போது சீனத்தின் துறைமுகங்களில் அபினிப் போர் நடந்துகொண்டிருந்தமையால் அவர் தரைவழியைத் தேர்ந்தார். ஷிஷுவாங்பன்னா வழியாகப் பர்மாவை அடைந்து, ஐராவதியில் படகேறி ரங்கூன் வந்து, அங்கிருந்து கடல் வழியே அரபு நாடு சேர்ந்தார். ஹஜ்ஜை நிறைவேற்றிய பின் கெய்ரோவின் அல் அஸ்ஹரிலும், ஜெருசலேமிலும், இஸ்தான்பூலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி அறிஞர்களைக் கண்டார். ஊர் திரும்பியபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அதன் பின்னரே முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை அரபியிலும் சீனத்திலும் எழுதினார். திருமறையைச் சீனத்தில் மொழிபெயர்க்கும் பணியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. ஐம்பது வயதில் இனி என்ன ஓதப் போகிறோம் என்று சோம்பியிருக்கும் என் போன்றோர் வெட்கப்பட வேண்டிய செய்தி இது.

அவருடைய முதுமை அமைதியாகக் கழியவில்லை. வெள்ளிச் சுரங்கங்களில் ஹான் தொழிலாளருக்கும் ஹுய் தொழிலாளருக்கும் மூண்ட பகை நாடெங்கும் பரவிற்று. 1845 இல் பாவோஷானில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதற்கு நீதி கேட்டு 1847 இல் தலைநகர் பீக்கிங் வரை சென்று முறையிட்டவர்களுள் து வென்சியு என்னும் இளைஞரும் ஒருவர். முறையீட்டால் விளைந்த பயன் சிறிதே. 1856 மே மாதம் குன்மிங்கிலேயே அதிகாரிகளின் இசைவோடு முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டனர். அதன் பின்பே து வென்சியு தாலி நகரைக் கைப்பற்றித் தனியரசு அமைத்தார். அவருடைய ஆட்சியில் ஹான், பாய், யீ இனத்தவரும் பதவி வகித்தனர். 1862 இல் அவர் தாலியில் மர அச்சுகள் செதுக்கித் திருக்குர்ஆனை அச்சிடச் செய்தார். மாந்தலேயில் பர்மிய மன்னர் மிண்டோன் அளித்த நிலத்தில் பந்தே முஸ்லிம்களுக்காக எழுந்த பள்ளிவாசல் இன்றும் உள்ளது. ஆயினும் பதினாறு ஆண்டுகளில் அனைத்தும் முடிந்தது. 1872 டிசம்பரில் தாலி வீழ்ந்தது. து வென்சியு நஞ்சருந்திய நிலையில் பகைவரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரத்து மக்கள் மீது நிகழ்ந்த கொலையை விரித்தெழுத என் பேனா கூசுகிறது. தப்பியோர் பர்மாவுக்கு ஓடினர்.

போரின் நடுவிலேயே அரசோடு சமாதானத்தை நாடியவர் மா தேசின் அவர்கள். அதனால் தம்மவரில் சிலரது பழிச்சொல்லுக்கும் ஆளானார். அதே அரசு 1874 இல், எண்பது வயது முதியவரான அவருக்கு மரண தண்டனை விதித்து நிறைவேற்றிற்று.

கல்வி நின்று விட்டதா? இல்லை. அவரிடம் ஓதியோரும் அவர்களிடம் ஓதியோரும் பாடங்களைத் தொடர்ந்தனர். அங்குள்ள பள்ளிவாசல் மத்ரஸாக்களின் பாடநூல்களைக் கேட்டால் நம் ஆலிம்கள் வியப்பார்கள். இலக்கணத்தில் ஷரஹ் முல்லா ஜாமி, ஹனஃபி ஃபிக்ஹில் ஷரஹ் விகாயா! நம் அரபுக் கல்லூரிகளில் இரவெல்லாம் விளக்கெரித்து நாங்கள் திணறிய அதே பக்கங்களில்தான் யுன்னானின் மாணவர்களும் திணறியிருக்கிறார்கள். மா லியன்யுவான், அரபியில் நூருல் ஹக், என்ற அறிஞரின் காலத்தில், 1895 இல், திருக்குர்ஆன் முழுவதும் குன்மிங்கில் மீண்டும் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டது. சீன அறிஞர் லியு ஜியின் கருத்துகளை அவர் அரபியில் விளக்கியெழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் உயிர் துறந்தது நம் இந்தியாவில், கான்பூர் நகரில்.

அடுத்த தலைமுறையில் கெஜியு அருகிலுள்ள ஷாதியன் என்ற சிற்றூரில் 1906 இல் பிறந்தவர் மா ஜியான். முஹம்மது மக்கீன் என்பது அவரது முஸ்லிம் பெயர். 1931 இல் அல் அஸ்ஹருக்குச் சென்ற முதல் சீன மாணவர் குழுவில் அவரும் இருந்தார். கன்பூஷியஸின் உரைகளை அரபியில் பெயர்த்து 1935 இல் கெய்ரோவில் வெளியிட்டார். தாயகம் திரும்பிப் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் அரபிப் பேராசிரியராக அமர்ந்து, திருமறையைச் சீனத்தில் பெயர்க்கும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். முதல் எட்டு ஜுஸ்உகள் 1949 இல் வெளிவந்தன. எஞ்சியவை வெளிவருவதற்குள் காலம் மாறிற்று. கலாசாரப் புரட்சி என்ற பெயரில் நாடெங்கும் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன.

ஷாதியன் மக்கள் தங்கள் பள்ளிவாசலைத் திறக்க வேண்டும் என்று கேட்டனர். அரசியல் சட்டம் வழங்கிய மத உரிமையைச் சுட்டிக் காட்டியே கேட்டனர். 1975 ஜூலை இறுதியில் இராணுவம் பீரங்கிகளோடு அவ்வூரைச் சூழ்ந்தது. ஒரு வாரத்தில் ஊர் தரைமட்டமாயிற்று. அருகிலுள்ள சிற்றூர்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,600 பேர் மாண்டனர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. 1979 பிப்ரவரியில் அரசே அம்மக்கள் குற்றமற்றவர்கள் என அறிவித்து இழப்பீடும் வழங்கியது. மா ஜியான் அவர்கள் அதனைக் காணவில்லை. 1978 இல் இறையடி சேர்ந்து விட்டார்கள். அவர்களது மொழிபெயர்ப்பு முழுமையாக அச்சேறியது 1981 இல். அதனையும் அவர்கள் காணவில்லை. இன்று சீன மொழியில் மிகப் பரவலாக ஓதப்படும் மொழிபெயர்ப்பு அதுவே. மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகமும் அதனை அச்சிட்டு வழங்கியது.

ஷாதியன் மீண்டும் எழுந்தது. வெள்ளீயம் முதலிய உலோகத் தொழிலால் வளம் பெற்று, மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியை நினைவூட்டும் பச்சைக் குவிமாடத்தோடு பெரும் பள்ளிவாசலைக் கட்டினர். தொங்ஹாய் வட்டத்திலுள்ள நாஜியாயிங் ஊரினரும் தங்கள் தொன்மையான பள்ளிவாசலை அவ்வாறே விரிவாக்கினர். அல் அஸ்ஹரில் பயின்று, 2001 இல் யுனெஸ்கோவின் ஷார்ஜா விருது பெற்ற அரபு வரலாற்றறிஞர் அப்துர் ரஹ்மான் நா ஜோங் அவர்களின் ஊர் அது. அரபுப் பாணிக் குவிமாடங்கள் சீனப் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை என்ற கொள்கை பின்னர் வந்தது. 2023 மே மாதம் நாஜியாயிங்கில் குவிமாடத்தை இடிக்க வந்தோரை ஊர் மக்கள் தடுத்து நின்றனர். எனினும் அது அகற்றப்பட்டது. 2024 க்குள் ஷாதியனின் குவிமாடமும் போயிற்று. அவற்றின் இடத்தில் சீனப் பாணிக் கூரைகள் அமைந்துள்ளன.

இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைந்த ஓடுவேய்ந்த சீனக் கூரையின் கீழ் தொழுவதில் யுன்னான் முஸ்லிம்களுக்கு என்றும் மறுப்பிருந்ததில்லை. அவர்களுடைய பழம்பள்ளிகள் பலவும் அவர்களே விரும்பி அவ்வண்ணம் கட்டியவைதாம். குவிமாடம் மார்க்கக் கடமையுமன்று. ஆனால் தம் பொருளால் தாம் கட்டிய பள்ளியின் கூரை எப்படியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதே அங்குள்ள வினா.

குன்யாங்கில் செங் ஹோ தம் தந்தைக்காக 1405 இல் எழுதுவித்த கல்லறைக் கல் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. தந்தை மா ஹாஜியின் நற்குணங்களை முன்புறம் கூறுகிறது. பின்புறத்தில் பின்னாளில் பொறித்த சில வரிகள் உள்ளன. 1411 இல் கடற்பயணத்தினின்று மீண்ட மைந்தர், அவ்வாண்டின் பதினொன்றாம் மாதம் இருபத்திரண்டாம் நாள் முன்னோர் அடக்கத்தலத்திற்கு வந்து, மிகை மாதமாகச் சேர்ந்த இரண்டாவது பன்னிரண்டாம் மாதத்தில் திரும்பிச் சென்றார் என்று அவை குறிக்கின்றன. சீனரின் மாதமும் நம் மாதத்தைப் போல் பிறையைப் பற்றியே நடப்பதாகையால் ஒப்பிடுவது எளிது. இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டாம் மாதம் ஹிஜ்ரி 814 ஆம் ஆண்டின் ரமளானோடு ஒத்து வருகிறது. ஷஅபானின் கடைப்பகுதியில் வந்தவர், ரமளான் முழுவதையும் தந்தையின் ஊரில் கழித்து, பெருநாள் பிறை கண்ட பின் ஷவ்வாலில் புறப்பட்டிருக்கிறார்.